நட்சத்திரத்தில் ஒட்டியிருக்கும் கோதுமை

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தில் கோதுமை இருக்கிறது. குடிலில் கடுகு இருக்கிறது. வரவேற்பறைச் சுவரில் தொங்கும் பூ அலங்காரத்தில் பிஸ்தா இருக்கிறது. பண்டிகை வந்தால் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் அம்மா கேக்கையும் முறுக்கையும் பார்த்துத்தான் பயப்படுவாள். தட்டில் இருப்பதைப் பற்றி யாரும் கேட்டுக்கொள்ளலாம், வேண்டாம் என்று சொல்லலாம். பசைச் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் கேட்பார்கள்?

எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். சந்தைக்குப் போனால் தமிழ்நாடு, கொஞ்சம் தள்ளி நடந்தால் கேரளம். ஓணத்துக்கு அத்தப்பூ, நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் சாமி ஊர்வலம், டிசம்பரில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் என்று எல்லாப் பண்டிகையும் இங்கே எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொந்தம். நான் சண்டே ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். டிசம்பர் வந்துவிட்டால் அங்கே வசனத்தைவிடக் கத்தரிக்கோலுக்குத்தான் வேலை அதிகம். அண்ணன் மகளும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள். அவளுக்குக் கோதுமை ஆகாது, முந்திரியும் ஆகாது. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரம் முழுக்க முந்திரி ஆலைகள். தெருவில் பாதிப் பெண்கள் ஆலை வேலைக்குப் போகிறவர்கள். அந்தத் தெருவில் முந்திரி ஆகாத பிள்ளையாக வளர்வது லேசான காரியம் இல்லை.

பசையிலிருந்து தொடங்குகிறேன். நட்சத்திரம் கட்ட ஈர்க்கிலோ மூங்கில் சீவலோ வேண்டும், வர்ணக்காகிதம் வேண்டும், ஒரு சட்டி மைதாப் பசை வேண்டும். இன்றைக்குக் கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் மலிவாகக் கிடைத்தாலும், பிள்ளைகள் கையால் கட்டுவதற்கு இன்னும் இதுதான். தோரணம், கூம்புத் தொப்பி, தேவதையின் சிறகு என்று டிசம்பரில் ஒட்டுகிற எதற்கும் மைதாப் பசைதான். மைதா என்பது கோதுமை. சின்னப் பிள்ளைகள் பசையைத் தொட்டால் விரல் இடுக்கு, முழங்கை, காது மடல், கடைசியில் வாய் வரைக்கும் போகும். பழைய பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் வேறு கலப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற பசைக்குப் பக்கத்திலேயே அது வரக்கூடாது.

இதற்கு எங்கள் ஊர்ப் பதில் மரச்சீனி. மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்பார்கள், கேரளத்தில் பாறசாலைக்கு அந்தப் பக்கம் கப்பை. திருவிதாங்கூரில் இதைப் பரவலாக நடவைத்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. பஞ்சத்துக்குச் சோறாக வந்த கிழங்கு இன்று பசையாகவும் உதவுகிறது. கடையில் கிழங்கு மாவு பாக்கெட் வாங்கலாம். ஆனால் மில்லில் அரைத்து வாங்கினால் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள், கல்லில் ஒட்டிய மாவு நம் பைக்குள்தான் விழும். அதனால் நான் வீட்டிலேயே எடுக்கிறேன். கிழங்கைத் தோல் சீவித் துருவி, நிறையத் தண்ணீரில் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். விரலால் அழுத்தினால் கெட்டியாக நிற்கும், எடுக்கப் போனால் ஒழுகும். பிள்ளைகளுக்கு இதுவே ஒரு பெரிய வேடிக்கை. மேல் தண்ணீரை இறுத்துவிட்டுப் படிந்ததை வெயிலில் காயவைத்தால் மாவு தயார். ஒரு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறினால், பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரி தெளியும். அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். மைதாப் பசை காய்ந்தால் வர்ணக்காகிதத்தில் மஞ்சளாகத் திட்டுத் திட்டாகத் தெரியும், இது தெரியாது. இரண்டு நாள் வைத்தால் புளித்துவிடும் என்பது ஒன்றுதான் குறை. அன்றன்று காய்ச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

அவசரத்துக்குச் சோற்றுப் பருக்கை இருக்கவே இருக்கிறது. நாங்கள் படிக்கிற காலத்தில் நோட்டுக்கு அட்டை போட்டதும் பட்டம் ஒட்டியதும் அதில்தானே.

அடுத்தது களிமண். வண்ண வண்ணமாக டப்பாவில் வருகிற மெதுவான களி பல வீடுகளில் அரைப்பரீட்சை லீவுக்கு வாங்கித் தரப்படுகிறது. அதில் பேர்பெற்ற பிளே-டோவில் கோதுமை இருக்கிறது என்பதை அதைச் செய்கிறவர்களே சொல்கிறார்கள். முதலில் சுவர்க்காகிதத்தின் கரியைத் துடைக்கிற மாவாக இருந்தது, 1956இல் பொம்மையாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருடம்! வீட்டில் செய்கிற உப்பு மாவுக் களியும் மைதாதான். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட அதில்தான் நட்சத்திரமும் மணியும் அச்சு வெட்டிக் காயவைப்பார்கள்.

மாற்று சுலபம். ஒரு கப் சோள மாவு, இரண்டு கப் சமையல் சோடா, ஒன்றேகால் கப் தண்ணீர். மூன்றையும் கலந்து சின்னத் தீயில் கிளறினால் பிசைந்த உருளைக்கிழங்கு பதத்துக்குத் திரண்டு வரும். ஈரத்துணி மூடி ஆறவைத்துப் பிசைந்தால் மைதாக் களியைவிட வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். சோள மாவு பாக்கெட்டின் பின்பக்கத்தை மட்டும் படித்துப் பார்த்து வாங்குங்கள். இதுவும் வேண்டாம் என்றால் குளத்து மண். கல் பொறுக்கி, பிசைந்து, ஒரு இரவு ஈரச்சாக்கில் வைத்தால் போதும். என் வகுப்பில் ஆடு, மாடு, மூன்று ஞானிகள் எல்லாரும் குளத்து மண்தான். ஒட்டகம் மட்டும் யார் செய்தாலும் ஆமை மாதிரிதான் வருகிறது.

காகிதக்கூழ் பொம்மை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் கூழ் கெட்டிப்பட வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பார்கள். வெந்தயமும் நிலக்கடலையும் ஒரே குடும்பம். நிலக்கடலை ஆகாதவர்கள் சிலருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்வதில்லை. அங்கேயும் மரச்சீனி மாவுதான் கைகொடுக்கும்.

டப்பாவில் எழுதியிருக்குமே என்று கேட்கலாம். சாப்பாட்டுப் பொருளில் எழுதியிருக்கும். 2020ஆம் ஆண்டு வந்த உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் லேபிள் விதிகளின்படி கோதுமை போன்ற தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை, முந்திரி முதலிய கொட்டைகள், சோயா இவையெல்லாம் இருந்தால் தெரிவித்தாக வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் கட்டாயம். ஆனால் இந்தச் சட்டங்களெல்லாம் தின்பண்டத்துக்குத்தான். பசை, களி, பெயின்ட் இவற்றில் என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதவேண்டிய கட்டாயம் கிடையாது. ‘நச்சற்றது’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஈயம் மாதிரி விஷம் இல்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கோதுமை யாருக்கு நஞ்சு?

இதைவிட ஒரு படி மேலே, ‘வாயில் வைத்தாலும் பயமில்லை’ என்று சொல்லி யூடியூபில் காட்டுகிற கைவேலைகள். தயிரில் கலர் கலந்து விரல் ஓவியம், கண்டென்ஸ்டு மில்க்கில் பெயின்ட், பிஸ்கட்டைப் பொடித்து மணல். மற்ற பிள்ளைகளுக்கு அது பாதுகாப்புதான். தின்னக்கூடியது என்பதே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அதில் இருக்கிற ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் தின்னவே முடியாத சாதாரண போஸ்டர் கலர் எவ்வளவோ மேல்.

குடிலுக்கு வருவோம். டிசம்பர் முதல் பாதியிலேயே சின்னத் தட்டுகளில் கடுகு, கேழ்வரகு, கோதுமை, சிறுபயறு என்று விதைத்து, முளைத்த பச்சையைக் குடிலுக்கு முன்னால் புல்வெளியாக வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளைகள் சண்டை போட்டுத் தண்ணீர் தெளிக்கிற வேலை இது, விடமுடியாது. கடுகு ஒவ்வாமை நம் ஊரில் அதிகம் பேசப்படுவதில்லை என்றாலும், ஐரோப்பாவில் லேபிளில் கட்டாயம் சொல்லவேண்டிய 14 பொருள்களில் அதுவும் ஒன்று. என் வகுப்பில் நெல்லை மட்டும் விதைக்கிறோம். முளைக்கக் கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும், ஆனால் வந்த பிறகு வயலேதான். கூரைக்கு வைக்கோல், மேய்ப்பர்களின் கம்பளிக்குத் தென்னையின் பன்னாடை. திட்டுவதற்குத்தான் அந்த வார்த்தை என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு அதை மரத்திலிருந்து எடுத்துக் காட்டினால் ஒரே சிரிப்பு. தென்னையைப் பற்றி ஒரு கேள்வி அடிக்கடி வரும். முந்திரி ஆகாத பிள்ளைக்குத் தேங்காய் ஆகுமா, சிரட்டையைத் தொடலாமா? தேங்காய் ஒவ்வாமை அரிது. அமெரிக்க உணவுத் துறையே முன்பு தேங்காயைக் கொட்டைகளோடு சேர்த்து எழுதவைத்தது, 2025 ஜனவரியில் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இருந்தாலும் அந்தந்தப் பிள்ளையின் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

பிஸ்தா ஓடு பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. லீவுக்கு வருகிற அண்ணன்மார் பெட்டியில் சோப்பு, சென்ட், பிஸ்தா மூன்றும் கட்டாயம். தின்ற பிறகு ஓட்டைக் கழுவி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவைத்து, பிள்ளைகள் லீவில் தாமரைப் பூ ஒட்டுவார்கள். முந்திரியும் பிஸ்தாவும் தாவரத்தில் நெருங்கிய சொந்தம். ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மற்றதும் ஆகாது. ஓட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற செந்தோலும் துகளும் ஒரு கழுவலில் போய்விடாது. ‘நாங்க பிஸ்தாவே குடுக்கலியே, வெறும் தொண்டுதானே’ என்று மைனியிடம், அதாவது அண்ணியிடம், ஒருவர் சொன்னாராம். எங்கள் பேச்சில் தொண்டு என்றால் ஓடு. சொன்னவர் மேல் தப்பில்லை, ஓட்டைத் தின்பண்டமாக யாரும் நினைப்பதில்லை. அந்தத் தாமரைக்கு நாங்கள் இப்போது புளியங்கொட்டையும் பனையோலைத் துண்டும் வைத்துப் பார்க்கிறோம். பனையோலை இதழ்தான் அழகு. வெயிலில் லேசாக வாடிய ஓலையைக் கத்தரித்து நுனியை விரலில் சுருட்டிவிட்டால், காய்ந்த பிறகும் சுருள் அப்படியே நிற்கும்.

முட்டை அட்டையும் இந்தக் கணக்கில்தான் வரும். வண்ணம் அடித்தால் மணியாகும், பூவாகும், மாட்டின் மூஞ்சியாகும் என்று எல்லா டீச்சர்களுக்கும் பிடித்த பொருள். அதில் உடைந்த முட்டை வழிந்து காய்ந்திருப்பது சாம்பல் நிறத்தில் கண்ணுக்கே தெரியாது. பழக்கடையில் ஆப்பிள் பெட்டிக்குள் அதே கூழில் செய்த குழி அட்டை வரும். கேட்டால் சும்மாவே தருவார்கள், வேண்டுமென்றே வாங்குகிறவர்கள் யாரும் இல்லை.

பயறு வகைகளை ஒட்டிப் படம் செய்கிற வேலைக்கு மாற்றாக விதைகளைத் தேடும்போது ஒரே எச்சரிக்கை. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி பக்கமே போகாதீர்கள். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம் அதில் இருக்கிறது. குருவாயூரில் பிள்ளைகள் உருளியில் வாரி விளையாடுகிற முழுச் சிவப்பு மஞ்சாடி வேறு மரம், வேறு விதை. அதுவும் வாயில் போட்டு விழுங்காத வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும்.

இனி ஒரு கோபம். இஞ்சி பிஸ்கட்டில் சுவர் எழுப்பி, சர்க்கரைக் குழம்பால் ஒட்டி, மிட்டாய் பதித்த வீடு கட்டுவது மேல்நாட்டுக் கிறிஸ்துமஸ் பழக்கம். இப்போது இங்கே பள்ளிக்கூடங்களிலும் வந்துவிட்டது. ஒரு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் பிஸ்கட் வீடு கட்ட, அண்ணன் மகளுக்குக் கொடுத்த வேலை போட்டோ எடுப்பது. பாதுகாப்பாகத்தான் வைத்திருந்தார்கள், மேசையிலிருந்து தள்ளி நிற்கவைத்திருந்தார்கள், அம்மாவுக்கு முன்கூட்டியே தகவலும் சொல்லியிருந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் வீட்டுக்கு வந்து அவள் காட்டிய போட்டோ ஒன்றிலும் அவள் இல்லை. அட்டைப்பெட்டியில் வீடு கட்டி, பொத்தானையும் கலர் நூலையும் ஒட்டச் சொல்லியிருந்தால் முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே வேலை, செலவும் பாதி. ஒரு பிள்ளைக்குத் தனியாக மாற்றுப் பொருள் கொடுப்பதைக்கூட நான் ஒப்புக்கொள்வதில்லை. மேசையில் ஒரு மூலையில் தனிக் களி, தனிப் பசை என்று வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் மைதா விரல் எப்படியும் அங்கே வரும். அதோடு ‘உனக்கு மட்டும் ஏன் வேற?’ என்ற கேள்விக்கு அவள் அன்றைக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மாற்றினால் சட்டி முழுவதையும் மாற்றுங்கள்.

அந்த மேல்நாட்டிலேயே இதற்கு யோசித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போவார்கள். 2012இல் டென்னசி மாநிலத்தில் ஒரு அம்மா ஆரம்பித்து, 2014இல் நாடு முழுக்கப் பரவியது ஒரு வழக்கம். பச்சைநீலம் பூசிய பூசணிக்காய் வாசலில் இருந்தால் அந்த வீட்டில் மிட்டாய் தவிர வேறு பரிசும் உண்டு என்று அர்த்தம். பென்சில், ஸ்டிக்கர், சின்ன பொம்மை இப்படி. நம் ஊரில் வாசலில் பூசணிக்காயைப் பார்த்தால் திருஷ்டி என்று ஒதுங்கிப் போவார்கள், ஆனால் யோசனை நல்ல யோசனை. வீடு வீடாகப் பாடிப் போகிற எங்கள் கீத பவனியில் கிறிஸ்துமஸ் தாத்தா பையிலிருந்து இப்போது மிட்டாயோடு ரப்பரும் ஷார்ப்னரும் வருகின்றன. ஷார்ப்னருக்குத்தான் அடிபிடி.

வகுப்பு நடத்துகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மருத்துவ விஷயம் கொஞ்சம்தான். ஒவ்வாமைப் பொருள் தோலில் மட்டும் பட்டால் பெரும்பாலும் அந்த இடத்தில் தடிப்பு, அரிப்பு என்று நிற்கும். கை வாய்க்கோ கண்ணுக்கோ போனால்தான் பெரிய ஆபத்து, சின்னப் பிள்ளைகளின் கை அங்கேதான் போகும். வேலைக்கு முன்னாலும் பின்னாலும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். வெறும் தண்ணீரும் சானிடைசரும் நிலக்கடலைப் புரதத்தை எடுப்பதில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முகம் வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றி விழுவது இவற்றில் எது வந்தாலும் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள். மூச்சுவிடச் சிரமப்படுகிற பிள்ளை உட்கார்ந்திருக்கலாம், எழுந்து நடக்கவிடக் கூடாது. அட்ரினலின் ஊசிதான் மருந்து. அது தொடையில் போடுகிற ஊசி. வெளிநாட்டில் கையோடு வைத்துக்கொள்கிற பேனா ஊசி நம் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் எந்த ஆஸ்பத்திரி பக்கம், யார் வண்டி எடுப்பது என்பதைப் பசை காய்ச்சுவதற்கு முன்னாலேயே பேசிவைத்துவிட வேண்டும்.

‘கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிரும்’ என்று எங்கள் அம்மாவும் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை எங்கேயோ இருக்கிறது. 2015இல் வெளிவந்த லண்டன் ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளில் சிறு வயதிலேயே நிலக்கடலை சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அது ஒவ்வாமை வருவதற்கு முன்னால், டாக்டர்கள் பார்த்துக் கொடுத்தது. வந்துவிட்ட பிள்ளைக்குச் சமையலறையில் வைத்துப் பழக்கிப் பார்க்கிற விஷயம் இல்லை. இதை அம்மாவிடம் சொன்னால், ‘சரி, எல்லாம் படிச்சவங்களுக்குத்தான் தெரியும்’ என்று ஒரு பெருமூச்சு வரும். அதோடு பேச்சு முடியும்.

மரச்சீனியை இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ள சிலருக்கு வாழைப்பழம் போலவே மரச்சீனியும் ஒத்துக்கொள்வதில்லை. ரப்பர் வெட்டுகிற குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. பலூன் ஊதினால் உதடு வீங்குகிற பிள்ளை இருந்தால் பலூனும் வேண்டாம், கிழங்குப் பசையும் வேண்டாம், சோற்றுப் பசைக்குப் போய்விடுங்கள். அதனால்தான் டிசம்பர் பிறந்ததும் வகுப்பிலுள்ள எல்லா அம்மாக்களுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போடுகிறேன். எதெது ஆகாது, தொட்டால் என்ன ஆகும், தின்றால் என்ன ஆகும், மருந்து என்ன. பதில்கள் பெரும்பாலும் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் வரும். போன முறை ஒரு அம்மா அனுப்பியது:

“டீச்சர், எங்க வீட்டுப் பயலுக்கு ஒண்ணும் கெடையாது. ஆனா பசைய நக்குவான், பாத்துக்கிடுங்க.”